செலவாகாத காசு

நண்பர் ஒருவர் ஜெர்மன் நாணயங்கள் சேர்ப்பவர். போன மாதம் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து நிக்கல் காசு ஒன்றை எடுத்துக் காட்டினார். 1908, 25 ஃபென்னிக்.

‘‘இது கடைத்தெருவையே பார்க்காத காசு சார்’’ என்றார், ஏதோ ஒழுக்கமான மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

கைசர் காலத்தில் 25 ஃபென்னிக் என்று புதுக் காசு விடத் திட்டம் போட்டார்கள். விதவிதமான டிசைன்களில் அச்சு வெட்டி, கொஞ்சம் கொஞ்சம் அடித்துப் பார்த்தார்கள். ஒன்று பாஸ். மற்றதெல்லாம் ஃபெயில். பாஸானது 1909 முதல் லட்சக்கணக்கில் வெளியே வந்தது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, 1912-உடன் நின்றுபோனது. இன்று அதைச் சொற்ப விலைக்கு வாங்கலாம். ஃபெயிலான மாதிரிகளுக்குத்தான் ஏலத்தில் அடிதடி!

நான் பி.காம். சரக்கு குறைவு, கிராக்கி அதிகம். கணக்கு டேலி. ஆனால் ஒரு ரொட்டிகூட வாங்கித் தராத ஒன்றைக் காசு என்று எப்படிச் சொல்வது? பரீட்சை எழுதாதவனுக்கு டிகிரி கொடுத்த மாதிரி இல்லையா?

கேட்டேன். நண்பர் கோபப்படவில்லை. ‘‘நாங்க இல்லேன்னா இதெல்லாம் உருக்கப்பட்டிருக்கும். அந்தக் கலைஞனோட உழைப்பும்தான்.’’

நியாயம்தான். தோற்றுப்போனதால் அபூர்வமானது அது. யாரையும் ஏமாற்றவில்லை.

ஆனால் இன்னொரு வகை அபூர்வம் உண்டு. 1917-ல், லூதரின் மதச் சீர்திருத்தத்துக்கு 400 வயது. சாக்ஸனி அரசு, லூதரைக் காப்பாற்றிய மன்னர் ஃபிரெடரிக்கின் உருவத்தோடு முல்டன்ஹூட்டன் அச்சகத்தில் 3 மார்க் வெள்ளிக் காசு அடித்தது. மாதிரி இல்லை, நிஜக் காசு. எத்தனை? வெறும் 100. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு கிடைக்காமல், மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தின்றார்கள் ஜெர்மானியர்கள். நிக்கலும் தாமிரமும் யுத்தத்துக்குப் போக, ஏழையின் சில்லறை இரும்பாகவும் துத்தநாகமாகவும் அலுமினியமாகவும் மாறியிருந்தது. அந்த நூறில் ஒன்றாவது ரொட்டிக் கடை வரிசையில் நின்றவள் கைக்கு வந்திருக்குமா? இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. கைசர் கால நாணயங்களில் இன்று மிகப் பிரபலமான அபூர்வங்களில் ஒன்று அது.

‘‘அது கெடச்சா வாங்குவீங்களா?’’ என்றேன்.

‘‘வீட்டை வித்துத்தான் வாங்கணும்’’ என்று சிரித்தார். வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது மேஜை டிராயரைத் துழாவி, துருவேறிய 10 ஃபென்னிக் ஒன்றைத் தந்தார். 1917, இரும்பு. எண்ணே பாதி தேய்ந்திருந்தது. எத்தனை பேர் கட்டைவிரலோ!

‘‘நீங்களே வெச்சுக்கங்க. இதுக்கு வெலை இல்லை.’’

அந்த 1908-ஐ இன்னொரு தரம் பார்க்கக் கேட்டேன்.

‘‘ஓரத்தை மட்டும் பிடிங்க சார். நடுவுல விரல் படக் கூடாது.’’