சராசரியைக் குடிப்பவர் யார்?

காலநிலை மாற்றத்தால் ஊவாவின் நீர்வளம் இனி என்னவாகும் என்று விஞ்ஞானிகள் கணினியின் துணைகொண்டு கணிக்கின்றனர். அவசியமான பணி. ஆயினும் எதை அளந்து கணிக்கிறோம், யாருக்காக அளக்கிறோம் என்ற வினாக்களுக்குக் கணினி விடை கூறாது. அவை அறத்தின் பாற்பட்டவை.

உலகக் காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் நூறு கிலோமீற்றர் அளவினது. இலங்கையின் பெரும அகலமோ ஏறத்தாழ 225 கிலோமீற்றர். ஆகவே, தென்மேற்குப் பருவமழையில் நனையும் நுவரெலியாச் சரிவும், அதே மாதங்களில் மழைமறைவிற் காயும் பதுளைச் சரிவும் ஒரே கட்டத்துள் அடங்கி ஒரே சராசரியாகிவிடக்கூடும். இக்குறையை உள்ளூர் மழைப் பதிவுகளைக்கொண்டு திருத்துகின்றனர். அப்பதிவுகளில் ஒரு பகுதி தோட்டங்களில் தேயிலையின் பொருட்டு அளக்கப்பட்டது. மழைமானியில் விழுந்த நீருக்குக் கணக்குண்டு. லயத்துப் பீலி எந்நாளில் வற்றிற்று என்பதை எழுதி வைத்தவர் யார்?

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வரண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலை தன் தனி மணத்தைப் பெறுவதும், சந்தையில் உயர்ந்த விலை காண்பதும் அப்பருவத்திலேதான். அதே காற்றில் ஊற்றுகள் மெலிகின்றன. பெண்கள் குடத்துடன் நெடுந்தூரம் நடக்கின்றனர். கொழுந்து குறைந்து நிறை எட்டாத நாளில் அரைப்பேர் விழுவதும் உண்டு. வறட்சியின் இலாபமும் நட்டமும் ஒரே வீட்டுக்குப் போவதில்லை. சராசரி இதனை மறைத்துவிடுகிறது.

உமா ஓயாத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். மலையைக் குடைந்து நீரைக் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பி, 120 மெகாவாற்று மின்சாரமும் தென்கிழக்கின் வரண்ட நிலத்துக்குப் பாசனமும் தருவது அதன் நோக்கம். அந்நோக்கத்தைப் பழிப்பதற்கில்லை, மொனராகலை, அம்பாந்தோட்டை உழவனும் உழைப்பாளியே. ஆனால் 2014 டிசெம்பரில் சுரங்கத்துள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. 2017 ஜூனில் மக்கள் வீதியில் இறங்கினர். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

பலரின் நன்மைக்காகச் சிலர் இழப்பை ஏற்கத்தான் வேண்டும் என்பர். இருக்கலாம். ஆனால் அந்தச் சிலர், சிங்களவராயினும் தமிழராயினும், எப்போதும் எளியவராகவே இருப்பது ஏன்? அவர்களது கிணறும் பீலியும் முதலிலேயே கணக்கில் ஏறாமற் போனதும் ஒரு காரணமல்லவா?

விஞ்ஞானம் நமக்குப் பகையன்று. அதன் ஏட்டில் நம் மக்களின் நீரும் எழுதப்பட வேண்டும். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. பீலியில் ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்பதைத் தோட்டப் பாடசாலை மாணவர் வாரந்தோறும் குறித்துவரலாம். ஆசிரியர்கள் அவ்வேட்டைப் பேணலாம். நீரைப் பங்கிட அதிகாரிகள் கூடும் நாளில், அந்த ஏடும் மேசைமேல் இருக்கட்டும்.