ஆடையும் அகந்தையும்

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடிக்குத் திரும்பும் சாலையில் சென்றால், சமணமலையின் அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் எதிர்ப்படும். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் அக்குளக்கரையில் நாம் அமர்ந்திருந்தோம். உடன் வந்தவர்கள், முன்னாளில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரும் அவருடைய மகளும் ஆவர். மதுரையிலுள்ள கல்லூரியொன்றில் ஆடை வடிவமைப்புப் பயிலும் அப்பெண், இறுதியாண்டின் நிறைவாகத் தன் முதல் ஆடைத் தொகுப்பை மேடையேற்றி ஒரு வாரமே ஆகியிருந்தது. தகப்பனார் அதனைப் பூரிப்போடு விவரித்துக்கொண்டிருந்தார். மகள் தண்ணீரைப் பார்த்தவாறு இருந்தாள். பிறகு கேட்டாள்: "ஹஜ்ரத், எல்லாரும் கைதட்டுனப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அது முகஸ்துதி ஆயிடுமா?"

முப்பதாண்டுகளாக ஓதிக்கொடுத்து வரும் நமக்கு இவ்வினா புதிதன்று. கிராஅத் போட்டியில் பரிசு பெற்ற சிறுவனும், மீலாது மேடையில் முழங்கிய இளைஞனும் கேட்டதுதான். அவர்களுக்கு நாம் ஆயத்தமாக வைத்திருந்த விடை ஒன்றுண்டு. அன்று அது நாவின் நுனிவரை வந்தும் சொல்லத் தோன்றவில்லை; அவள் முகத்தில் வேறொன்று இருந்தது. "என்ன நடந்ததம்மா, முதலிலிருந்து சொல்" என்றோம்.

ஆறு உடைகள்; ஆறும் மதுரைச் சுங்குடியில் செய்தவை. சுங்குடி இன்னதென்று நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் அது உருவாகும் வகையை அறிந்தோர் சிலரே. வெண்மையான பருத்தித் துணியை மடித்துக் குறியிட்டு, குறிதோறும் நகத்தால் துளியளவு கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட வேண்டும். பின்னர்ச் சாயத்தில் தோய்த்து உலர்த்தி முடிச்சுகளைப் பிரித்தால், சாயம் புகாத இடமெல்லாம் புள்ளியாய் மலரும். சேலை ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சௌராட்டிரப் பெருமக்கள் மதுரையில் வளர்த்த இக்கலைக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் கடைகளில் சுங்குடி என்று விற்கப்படுவனவற்றுள் பல, அச்சிட்ட புள்ளிகளே. இப்பெண் அச்சை நாடவில்லை. முடிச்சிடும் மூதாட்டி ஒருவரைத் தேடிப்பிடித்து, கூலி பேசி, மூன்று மாதம் அவர் திண்ணைக்கு நடையாய் நடந்து துணி பெற்றிருக்கிறாள்.

அணிவகுப்பு நாளன்று நிகழ்ந்ததை அவள் சொல்லக் கேட்டபோது நமக்கு வியப்பாயிருந்தது. ஆடை செய்தவள் அதனைப் பார்ப்பதே இல்லையாம்! மேடைக்குப் பின்னே ஊசியும் நூலும் ஊக்குமாக நிற்க வேண்டும். கடைசி நொடியில் ஓர் உடையின் கீழ்மடிப்பு அவிழ்ந்துவிட, மண்டியிட்டு ஊக்குக் குத்தி அனுப்பியிருக்கிறாள். இசை எழுகிறது, உடுத்திய பெண்கள் ஒருவர்பின் ஒருவராய் வெளிச்சத்துக்குள் நடந்து மறைகின்றனர். திரை இடுக்கில் அவள் கண்டது அவர்களின் முதுகை மட்டுமே. மூன்று மாத உழைப்பு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. (உடையின் அளவு பற்றிய சட்டத்தை இங்கே சிலர் நினைவூட்டக்கூடும். அவள் தைத்தவை கையும் காலும் மூடிய உடைகளே. நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று.)

இறுதியில் அவளை மேடைக்கு அழைத்தார்கள். பின்னால் பெரிய எழுத்தில் அவள் பெயர் ஒளிர்ந்தது. கரவொலி எழுந்தது, அவள் தலை தாழ்த்தி நிமிர்ந்தபோது, கடைசி வரிசையில், தான் அழைத்து வந்து அமர்த்திய மூதாட்டி மடியில் கைகளை வைத்தபடி இருப்பதைக் கண்டாள். நிகழ்ச்சி முடிந்ததும் ஓடிச் சென்றாள். அவர் ஓர் உடையின் தையலோரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இத்தன முடிச்சையும் வெட்டிப்புட்டியேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டாராம்.

நபித்தோழர் ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம், தம் ஆடையும் காலணியும் அழகாயிருக்க வேண்டுமென ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என வினவிய ஹதீது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருக்கிறது. அல்லாஹ் அழகன், அழகை நேசிப்பவன் என்ற கருத்தில் அமைந்த விடையின் முற்பகுதியை நாமனைவரும் அறிவோம். நிக்காஹ் வீடுகளில் புத்தாடை உடுத்தியோர் அதனை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. பிற்பகுதியோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெருமை எதுவென அங்கே நாயகம் (ஸல்) அவர்கள் வரையறுக்கிறார்கள்: உண்மையை ஏற்க மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே அது. முதலாவதற்கு அவர்கள் ஆண்ட சொல் 'பதர்'. கிடைத்த நன்மையில் தலைகால் தெரியாமல் துள்ளி, அதற்குரிய கடமையைத் தட்டிக்கழித்தல் என்னும் சாயல் அதற்குண்டு. திருமறையின் அன்ஃபால் அத்தியாயத்தில், ஊரை விட்டுச் செருக்கோடு புறப்பட்ட கூட்டத்தாரைப் பற்றிய வசனத்தில், இதே சொல்லும் பிறர் காணச் செய்தல் என்னும் 'ரியா'வும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்விரண்டும் ஏன் இணைந்து வந்தன என்பதைப் பல்லாண்டுகள் பாடம் நடத்தியும் நாம் ஆழ்ந்து எண்ணியதில்லை. அன்று எண்ணினோம். கைதட்டல் இனித்தது குற்றமன்று. அந்த இனிப்பில் எந்த உண்மை மறக்கப்பட்டது, எந்த மனிதர் சிறியவராக்கப்பட்டார் என்பதன்றோ கேள்வி?

மறக்கப்பட்டது மூதாட்டியின் பெயர் என்றே நமக்குத் தோன்றிற்று. மலையைக் காட்டிப் பேசத் தொடங்கினோம். அங்கே பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சமணத் திருவுருவங்கள் வரிசையாக உள்ளன, அடியில் வட்டெழுத்துகள். அவற்றுள் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது எனக் கூறும். செய்வித்தவர் பெயர் உண்டு. உளி பிடித்தவர் பெயர் அதில் இல்லை. கலீபாக்கள் காலத்தில் 'திராஸ்' என்னும் ஆடைக்கரையில் பொன்னிழையாலும் வண்ண இழையாலும் ஆட்சியாளர் பெயரை நெய்ததைப் பற்றி இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் தனியே எழுதியிருக்கிறார். நெய்தவனே தன் கையால் மன்னன் பெயரை நெய்தான்! பாரிசில் 1858இல் ஆடையகம் தொடங்கிய வொர்த் என்னும் ஆங்கிலேயர் தம் பெயர்ச்சீட்டை உடைகளில் தைத்தார். இன்றைய வடிவமைப்பாளர் அவர் வழியினரே.

அப்பெண் இடையிட்டு, ராகுல் மிஸ்ராவைப் பற்றிச் சொன்னாள். கான்பூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற அவர், 2006இல் மும்பை லாக்மே ஆடை வாரத்தில் அறிமுகமானபோது எடுத்துக்கொண்டது கேரளத்துக் கைத்தறி முண்டுத் துணியை. இருபுறமும் உடுத்தக்கூடிய ஆடைகளை அதில் படைத்தார். 2014இல் மிலானில் உல்மார்க் பரிசு பெற்ற முதல் இந்தியரும் அவரே. கைவினைஞர் தத்தம் ஊரிலேயே வேலை பெற வேண்டும் என்று அவர் தொடர்ந்து பேசி வருவது அவளை ஈர்த்திருக்கிறது. "அவரைப் போலத்தான் ஆரம்பிச்சேன், ஹஜ்ரத். ஆனா ஸ்கிரீன்ல என் பேரு மட்டும்தான் போட்டேன்" என்றாள். குரல் உடைந்தது.

பெயரைச் சேர்த்துவிடு, நேரில் சென்று பொறுத்தருளக் கேள் என்று கூறி அனுப்பினோம். நல்ல தீர்ப்பு வழங்கிய நிறைவோடு மஃரிபுக்கும் எழுந்தோம். அந்த நிறைவில் 'பதர்' எவ்வளவு இருந்தது என்பது பிறகே விளங்கிற்று.

பத்து நாள் கழித்துத் தந்தையும் மகளும் நம் இல்லம் வந்தனர். அவள் மன்னிப்புக் கேட்டதற்கு மூதாட்டி சிரித்தாராம். "எம் பேர எதுக்கும்மா போடுற? வீட்டுக்காரரு பேரையே வெளிய சொன்னதில்ல நானு" என்றாராம். அவர் கவலை முற்றிலும் வேறு. தையலுக்குள் மடிந்தும், கத்திரியில் அறுந்து குப்பையில் விழுந்தும் போன புள்ளிகளையே இரவெல்லாம் எண்ணியிருக்கிறார். ஒவ்வொன்றும் கண்ணைச் சுருக்கி இட்ட முடிச்சு. சேலையில் அவ்வாறு ஒன்றும் வீணாவதில்லை. சேலையை எவரும் வெட்டுவதில்லையே. அவள் எதைத் தைக்கப் போகிறாள் என்று அந்த மூன்று மாதத்தில் அவரிடம் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவருக்கு நோவது எது என்பதைக் குளக்கரையில் இருந்தபடியே முடிவு செய்த நாமும் கேட்கவில்லை.

"அடுத்த தடவை வெட்டுற கோட்ட மொதல்லயே துணியில வரைஞ்சு குடுத்துரு. கோட்டுக்கு வெளிய நான் எதுக்கு முடிச்சுப் போடணும்?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் கைப்பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணியொன்றை எடுத்து நம் முன் விரித்தாள். கழுத்தும் கையும் இடையும் நீலக் கோடுகளாய் அதில் வரையப்பட்டிருந்தன. மறுநாள் காலை அந்தத் திண்ணைக்குப் போக வேண்டும் என்றாள்.