போதும் என்பவர் யார்?

ஒருவன் தன் உடலைத் தானே பணயம் வைக்க மனமார இசைந்துவிட்டால், பிறர் அதில் குறுக்கிடலாமா? இசைந்தவனுக்கு நேர்வது தீங்காகாது என்பது உரோமச் சட்டத்தார் வகுத்த கொள்கை. மைய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மனோர்க்கு இது புதிதன்று. உரியவர் கையொப்பம் இருந்தால் கோப்பு நகர்ந்துவிடும், பிறகு எவரும் எவரையும் கேட்பதில்லை. ஆயினும் கையொப்பம் ஒன்றே அறமாகிவிடுமா என்னும் ஐயம் நம்மை விடுவதில்லை. ஜப்பானில் பத்தாண்டுக் காலம் ஓங்கி நின்று மறைந்த ஒரு சண்டைப் போட்டியின் வரலாறு, இவ்வையத்தை எண்ணிப் பார்க்க நல்லதோர் இடம் தருகிறது.

அதன் பெயர் 'பிரைட்'. பெருமிதம் என்று நாம் தமிழாக்கலாம். பெருமிதத்தின் நிலைக்களன்கள் நான்கனைச் சொல்லப் புகுந்த தொல்காப்பியர், தறுகண்மைக்கும் முன்னே கல்வியை வைத்தார். இப்போட்டியும் ஒரு கல்வியை முன்னிட்டே பிறந்தது. 1882-இல் ஜிகோரோ கானோ டோக்கியோவில் ஜூடோப் பள்ளியை நிறுவினார். அப்பள்ளியின் வழிவந்த மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசில் சென்றார். அங்கே கார்லோஸ் கிரேசி என்னும் இளைஞர் அவரிடம் பயின்றார். கிரேசி குடும்பத்தார் அக்கலையைத் தம் போக்கில் வளர்த்துக்கொண்டனர். பிறந்த மண்ணை விட்டுப் போன கலை, புகுந்த மண்ணில் வேறு முகம் கொண்டு, எண்பது ஆண்டுகளுக்குப் பின் தாயகத்தையே அறைகூவி வந்து நின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுப் பாட்டிமார் அடையும் திகைப்பை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1997 அக்டோபர் 11 அன்று டோக்கியோ டோம் அரங்கில் ரிக்சன் கிரேசியும் நொபுஹிகோ தகாடாவும் மோதினர். தகாடா புகழ்பெற்ற தொழில்முறை மல்லர். ஆனால் அத்தொழிலில் வெற்றி தோல்வி முன்னரே பேசி முடிக்கப்படுவது. பேசி வைக்காத சண்டையில் ஐந்து நிமிடத்துக்குள் கை மடக்கப்பட்டு அவர் தோற்றார். அடுத்த ஆண்டும் அதே நாளில் அவரிடமே தோற்றார்.

ஜப்பானியரின் மனப்புண்ணை ஆற்ற வந்தவர் கசூஷி சகுரபா என்னும் நடுத்தர உடற்கட்டினர். 2000 மே முதல் நாள் அவர் ரோய்ஸ் கிரேசியை எதிர்த்தார். அன்றைய விதிகளைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் 15 நிமிடம். சுற்றுகளுக்கு எண்ணிக்கை இல்லை. நடுவர் தாமாக நிறுத்தக் கூடாது. இவையனைத்தும் கிரேசி தரப்பார் கேட்டுப் பெற்றவை. ஆறு சுற்றுகள், 90 நிமிடங்கள் சண்டை நடந்தது. உதைபட்டு உதைபட்டு ரோய்ஸின் கால் நிற்கவும் மறுத்தது. அவர் போதும் என்று சொல்லவில்லை. அவருடைய அண்ணன்தான் துண்டை எறிந்தார். சண்டையிடுபவன் பக்கத்தார் வெள்ளைத் துண்டை மேடைக்குள் எறிந்தால் தோல்வியை ஏற்றதாகப் பொருள்.

அன்றிரவு அதோடு முடியவில்லை. தொடர் போட்டியாதலால், சிறிது நேரம் இளைப்பாறிய சகுரபா மீண்டும் மேடையேறினார். எதிரே நின்றவர் உக்ரைனைச் சேர்ந்த இகோர் வோவ்சான்சின். எடையில் இருபது கிலோ அளவுக்கு மிகுந்தவர். மேலும் 15 நிமிடம் போராடி நின்றார் சகுரபா. கூடுதல் சுற்று அறிவிக்கப்பட்டபோது இம்முறை அவர் பக்கத்துத் துண்டு விழுந்தது. ஒரே இரவில் இரண்டு துண்டுகள். எறியப்பட்டவை இரண்டும் சண்டையிட்டவரின் விருப்பத்தைக் கேட்டு எறியப்பட்டவை அல்ல. அவரிடம் அன்புடையார் எறிந்தவை.

இங்கேதான் இசைவுக் கொள்கை நம் கையில் உடைகிறது. சண்டைக்கு முன் தெளிந்த மனத்தோடு இசைந்தவன் ஒருவன்; 90-ஆம் நிமிடத்தில் நிற்பவன் வேறொருவன். முன்னவன் இட்ட கையொப்பம் பின்னவனையும் கட்டுமா? வீரன் எவனோ அவனே போதும் என்று சொல்ல இயலாதவன். அவனுடைய வீரத்தை விலைக்கு வாங்குபவர், அச்சொல்லை அவனிடம் எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

போட்டி வளர்ந்தது. 2002 ஆகஸ்ட் 28 அன்று டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் மற்றொரு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய விழாவுக்கு வந்தோர் 91,107 பேர் என்று அறிவிக்கப்பட்டது. அன்று ஏறத்தாழ 170 கிலோ எடையுள்ள பாப் சாப், தம்மைவிட அறுபது கிலோவுக்கு மேல் குறைந்த நொகேராவைத் தலைகீழாகத் தூக்கி மேடையில் குத்தினார். இரண்டாம் சுற்றில் நொகேரா அவர் கையை மடக்கி வென்றார். கலையின் மாட்சிக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. மல்லர்கள் தரையில் கிடந்து சிறு அசைவால் நிலையை மாற்றுவதைக்கூட ஜப்பானியர் அமைதியாகக் கவனித்துக் கைதட்டினர். இவர்களைக் குருதி வெறியர் என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் பொய்.

எனினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. 2001 மார்ச் மாதம் முதல், கீழே விழுந்தவன் தலையை உதைக்கவும் மிதிக்கவும் விதி இடந்தந்தது. அப்புதிய விதியின் கீழ் முதல் நாளே வீழ்ந்தவர்களுள் சகுரபாவும் ஒருவர். தம்மினும் பருத்த வாண்டர்லே சில்வாவிடம் இரண்டு நிமிடத்துக்குள் தோற்றார். அவரிடமே அவ்வாண்டு நவம்பரிலும் 2003 ஆகஸ்டிலும் மீண்டும் நிறுத்தப்பட்டார், மீண்டும் தோற்றார். புறங்கொடுத்து ஓடுவார்மேல் வேல் எறியாமையைத் தழிஞ்சி என்றொரு துறையாக நம் புறப்பொருள் நூலார் வகுத்தனர். பண்டைப் போர்கள் அவ்வாறே நடந்தன என்று நாம் மார்தட்ட வேண்டியதில்லை. அங்ஙனம் நடக்க வேண்டும் என விரும்பினர், அவ்வளவே. இங்கோ விழுந்தவனை விடாமையே விதியாயிற்று, பெருங்கூட்டத்தின் நாயகனை அதே எதிரியிடம் மும்முறை அனுப்புவது வருவாயாயிற்று.

முடிவு மேடைக்கு வெளியே வந்தது. 'யாகுஸா' எனப்படும் குற்றக் கும்பலோடு நிறுவனத்துக்குத் தொடர்புண்டு என 2006-இல் ஒரு வார இதழ் தொடர்ந்து எழுதியது. ஜூன் 5 அன்று ஃபுஜி தொலைக்காட்சி ஒப்பந்தத்தை முறித்தது. தொலைக்காட்சிப் பணமே உயிர்நாடி. அது நின்றதும் உடல் சாய்ந்தது. 2007 மார்ச்சில் போட்டி அமெரிக்கர்க்கு விற்கப்பட்டது அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 8 அன்று சைத்தாமாவில் கடைசி நிகழ்ச்சி. அக்டோபரில் டோக்கியோ அலுவலகமும் மூடப்பட்டது.

ஆக, நிறுவனத்துக்கும் ஒரு துண்டு எறியப்பட்டது. எறிந்தவர் யார், எதற்காக என்று கேட்டால் நமக்கு மனம் கசக்கிறது. மிதிபட்ட தலைகளை ஆண்டுக்கணக்கில் ஒளிபரப்பியபோது தொலைக்காட்சியார்க்கு எழாத கூச்சம், தம் பெயருக்கு மாசு வரும் என்றதும் எழுந்தது. கும்பலின் பணம் தீது என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அப்பணம் தூயதாகவே இருந்திருந்தால் 2001-இன் விதி நல்விதி ஆகியிருக்குமா? சீட்டு வாங்கி அமர்ந்த பல்லாயிரவர் கையிலும் துண்டு இல்லை என்பது உண்மை. ஆயினும் சீட்டு வாங்காதிருக்க அவர்களால் முடிந்திருக்கும்.

பிரைடின் தலைவராயிருந்த நொபுயுகி சகாகிபரா 2015-இல் 'ரிசின்' என்னும் புதிய போட்டியைத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று, அதே சைத்தாமா அரங்கில் நடந்த அதன் முதல் நிகழ்ச்சியில், 46 வயதான சகுரபா மேடையேற்றப்பட்டார். எதிரி ஷின்யா அவோகி இளையவர். ஆறு நிமிடம் நிறைவதற்குள் அவர் பக்கத்தார் துண்டை எறிந்தனர். அதுவரை அடி வாங்கிக்கொண்டே கிடந்த சகுரபா தாமாகப் போதும் என்று சொல்லவில்லை.