கைக்கு எட்டாத வால்வு

மனிதனை நம்பலாமா, கூடாதா? தர்ம சாஸ்திரக்காரர்கள் தீர்த்து வைக்க வேண்டிய இந்தக் கேள்விக்கு, எனக்குத் திருப்தியான விடை ஒரு பழைய ரெயில்வே நிபந்தனையில்தான் கிடைத்தது.

1829-இல் இங்கிலாந்தில், லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் ரெயில் பாதை போட்டவர்கள், ரெயின்ஹில் என்ற இடத்தில் எஞ்சின்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஸ்டீஃபென்ஸன்களின் 'ராக்கெட்' வென்றது அங்கேதான். பாய்லரில் இரண்டு பாதுகாப்பு வால்வுகள் வேண்டும்; அவற்றில் ஒன்று எஞ்சின் ஓட்டுகிறவனின் பிடிக்கு முற்றும் அப்பாற்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனைகளில் ஒன்று.

பாதுகாப்பு வால்வு எளிய சாதனந்தான். பாய்லரில் ஒரு துவாரம். அதன்மேல் எடையோ சுருள்வில்லோ அழுத்திப் பிடிக்கும் ஒரு மூடி. நீராவியின் அழுத்தம் அளவு மீறினால் மூடி தானே எழும்பி ஆவியை வெளியே விடும். ஆனால் எடையைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் மூடி எழும்பாது. எஞ்சினின் இழுவை கூடும், ஆபத்தும் கூடும்.

'ஓட்டுகிறவனுக்கு இது அவமதிப்பல்லவா? யோக்கியனாகப் பார்த்து வேலைக்கு வைத்தால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம்.

அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்து ரெயிலில் 1831 ஜூன் மாதம் நடந்ததைக் கேளுங்கள். 'உற்ற நண்பன்' என்று பொருள்படும் பெயர் கொண்ட எஞ்சின் அது. அதில் நெருப்பைக் கவனித்து வந்தவனுக்கு வால்வின் ஓயாத சீறல் பொறுக்கவில்லை. அது எழும்பாதபடி அடக்கிவிட்டான் என்கிறார்கள். பாய்லர் வெடித்தது. அவன் உயிரும் போயிற்று. பிறகு அந்தப் பாதையில், எஞ்சினுக்கும் பிரயாணிகளுக்கும் நடுவே பஞ்சுப் பொதிகள் ஏற்றிய ஒரு வண்டியைக் கோத்து ஓட்டினார்கள்.

அவன் துஷ்டனா? கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. காது புளித்துப்போன ஒரு சாதாரண மனிதன்; அவ்வளவுதான். அலுப்பும் அவசரமும் யாரைத்தான் விட்டன? அந்த வேளையில் படித்த உபதேசம் நினைவுக்கு வராது. பஞ்சுப் பொதி பிரயாணிகளைக் காக்கும். அவனை யார் காப்பது? கைக்கு எட்டாத வால்வு ஒன்று இருந்திருந்தால் அவனும் பிழைத்திருப்பான்.

ரெயின்ஹில்காரர்கள் இரண்டு வால்வையும் எட்டாமல் வைக்கச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒன்றை அவன் பொறுப்பில் விட்டது அவனுக்குச் செய்த மரியாதை. மற்றதை விலக்கி வைத்தது அவனும் மனிதன்தானே என்ற கருணை. இந்த இரண்டாவதைச் செய்யாமல் ஒருவனை நம்புகிறோம் என்றால், விபத்து நடந்த மறுநாள் குற்றம் சுமத்த ஓர் ஆளைத் தயார் செய்கிறோம் என்றுதான் அர்த்தம்.

நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடியைப் பாருங்கள். விசில் அடைத்துக்கொண்டால் உருகி வழிவிட, ஓரத்தில் சின்னதாக இன்னொரு வால்வு இருக்கிறது. சமைக்கிறவர்கள் யாரும் அதை அவமதிப்பாக நினைப்பதில்லை. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, தொட்டிலில் அழுகிற குழந்தையைத் தூக்கப் போகிறார்கள்.