பிரித்தால் என்ன, நூல் போய்விடுமா?

"நமக்கு இதெல்லாம் வராதுங்க" என்று சொல்கிற நாக்குக்கு முதலில் ஒரு பூட்டுப் போடுங்கள். வராது என்று யார் சொன்னது? ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? நூலை விரலில் சுற்றிப் பார்த்தீர்களா? யூடியூபில் யாரோ ஒரு பெண்மணி ஊசியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே ஸ்வெட்டர் பின்னுவதை இரண்டு நிமிஷம் பார்த்தீர்கள். அங்கேயே கையைத் தூக்கிவிட்டீர்கள். களத்தில் இறங்காதவருக்குத் தோல்வி ஏது?

மார்கழி விடியலில் பஜனைக்குக் கிளம்பும் தாத்தாவுக்கு உங்கள் கையால் ஒரு குல்லா பின்னித்தர ஆசை. ஆசை எழுந்த அடுத்த நொடியே, "கடையில்தான் மலிவாகக் கிடைக்கிறதே" என்று உள்ளிருந்து ஒரு குரல். கிடைக்கிறதுதான். குளிர் மாதங்களில் சாலையோரம் திபெத்தியர் போடும் கடைகளில் வண்ண வண்ணமாகத் தொங்குகின்றன; பெரும்பாலும் லூதியானாவில் மெஷினில் ஓடியவை. வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் அந்த மெஷினுக்கு உங்கள் தாத்தாவின் தலை தெரியாது. காதை மூடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும் என்பதும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை இது. நீங்கள் போட்டிருக்கும் பனியனின் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெளிப்பக்கம் வரிவரியாக 'வி' எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். உட்பக்கம் சின்னச் சின்ன மேடுகள். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் அடுத்தது, அவ்வளவுதான் சங்கதி. திருப்பூரில் வட்டமடித்து ஓடும் மெஷின்கள் நெய்வது இல்லை, பின்னுகின்றன. அதே வளையத்தைத்தான் இரண்டு ஊசிகளால் நீங்களும் போடப்போகிறீர்கள். நிட், பர்ல் என்று இரண்டே கண்ணி. ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் போனால் கையில் வளர்வது அதே பனியன் துணி, கம்பளியில்!

கணக்குக்குப் பயமா? நாலாம் வகுப்புக் கணக்கு போதும். முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னி ஸ்கேலை வையுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வருகிறதா? தாத்தாவின் தலைச் சுற்றளவு 55 என்றால் குல்லா 50 போதும், பின்னல் இழுபடும். ஆக 100 கண்ணி. இந்தச் சதுரத்தைச் சோம்பலில் விட்டுவிட்டுக் குல்லாவில் குதிப்பவர்கள்தான் பிறகு அதைத் தேங்காய்க்கு உறையாக மாட்டுகிறார்கள்.

சரி, கண்ணி நழுவிவிட்டால்? நழுவும். நழுவட்டும்! நழுவிய வளையம் கீழே கீழே இறங்கி, துணியில் ஓர் ஏணியை உண்டாக்கும். பதறாதீர்கள். ஒரு கொக்கி ஊசியை அந்தக் கடைசி வளையத்துக்குள் விடுங்கள். அதற்கு நேர் மேலே குறுக்காகக் கிடக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி, வளையத்தின் வழியே வெளியே இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. அடுத்த குறுக்கு நூல், அடுத்த படி. உச்சிக்கு வந்ததும் ஊசியில் திரும்ப மாட்டிவிட்டால், எங்கே நழுவியது என்று தேடினாலும் அகப்படாது.

அதுவும் சரிவராத அளவுக்குச் சொதப்பிவிட்டதா? இழுங்கள். சரசரவென்று முழுசும் பிரிந்து வரும். துணியைத் தப்பாக வெட்டிய தையல்காரருக்குக் கிடைக்காத மறுவாய்ப்பு இது. சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டவருக்கும் கிடைக்காதது. உங்களுக்கு மட்டும் மூலப்பொருள் அப்படியே கைக்குத் திரும்பி வருகிறது. அப்புறம் எதற்கு ஐயா பயம்? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941 முதல் பிரிட்டனில் துணிக்கே ரேஷன். புதுக் கம்பளி வாங்கக் கூப்பன் வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடவில்லை. முழங்கை தேய்ந்த பழைய ஸ்வெட்டரைப் பிரித்தார்கள். சுருண்டு கிடந்த நூலைச் சிட்டமாகச் சுற்றி அலசிக் காயவைத்து நேராக்கினார்கள். அப்பாவின் ஸ்வெட்டர் பிள்ளையின் ஸ்வெட்டர் ஆனது. தலைக்கு மேல் குண்டு விழுந்த நாட்களில் அவர்களால் முடிந்தது, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து உங்களால் முடியாதா?

"ஆம்பிளை ஊசி பிடிக்கறதா" என்று மீசையை முறுக்கும் தம்பிகளுக்கும் ஒரு சேதி. பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியின் நடுவே தகீலே என்றொரு தீவு. அங்கே குல்லா பின்னுவது ஆண்களின் வேலை. சின்ன வயதிலேயே பையன்கள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். கல்யாணம் ஆனவன் குல்லா ஒரு மாதிரி, ஆகாதவன் குல்லா வேறு மாதிரி. யுனெஸ்கோவே அந்தத் தீவின் நெசவு, பின்னல் கலையை 2005-இல் மானுடத்தின் பாரம்பரியம் என்று அறிவித்தது. ஆண்மைக்கு அங்கே ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஆவேசம் வேண்டும், அவசரம் வேண்டாம். எடுத்த எடுப்பில் கணவருக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்று கிளம்பாதீர்கள். காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னினால் அது முடிவதற்குள் காதல் முடிந்துவிடும் என்று மேல்நாட்டுப் பின்னல்காரர்களிடம் ஒரு நம்பிக்கையே உண்டு. அவ்வளவு நாள் இழுக்கும் வேலை அது! மஃப்ளர், குல்லா, கைக்குழந்தைக்குக் காலுறை என்று தொடங்குங்கள். குழந்தைக்கு என்றால் கழுத்தில் கட்டும் கயிறு மட்டும் வேண்டாம். சென்னை வெயிலில் இருப்பவர் கம்பளியைக் கட்டி அழவும் வேண்டாம், பருத்தி நூல் இருக்கவே இருக்கிறது.

கொடுக்கும்போது ஒரு சித்தி வருவார். "ஓரம் கோணலா இருக்கே" என்பார். கோணல்தான். "ஆமா சித்தி, அடுத்தது உங்களுக்குத்தான், அளவு கொடுங்க" என்று இஞ்ச் டேப்பை நீட்டுங்கள். வாய் மூடும், தலையும் நீளும். அதற்காக "சுமாராத்தான் வந்திருக்கு, மன்னிச்சுக்கோங்க" என்று நீங்களே முந்திக்கொண்டு உங்கள் உழைப்பைத் தாழ்த்தாதீர்கள். நிமிர்ந்து நின்று கொடுங்கள்.

வாங்க வேண்டியது 8 ஆம் எண் ஊசி ஒரு ஜோடி. 4 மில்லிமீட்டர் தடிமன். எண் ஏற ஏற ஊசி மெலியும், கடையில் குழம்பாதீர்கள். அதற்கேற்ற நூல் 100 கிராம், வெளிர்நிறமாகக் கேளுங்கள். கறுப்பில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. கடை இன்னும் திறந்துதான் இருக்கும், செருப்பை மாட்டுங்கள்.