அடி விழுகிற பக்கம்

2025 சூலை 22 ஆம் தேதி ஓசி ஆஸ்போர்ன் செத்துப்போனார். அதற்கு 17 நாள் முந்தித்தான், தான் வளர்ந்த பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன் பகுதியில், வில்லா பார்க் மைதானத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி பழைய கூட்டாளிகள் மூன்று பேரோடு கடைசியாக ஒருதரம் பாடி முடித்திருந்தார். யாருய்யா இந்த ஓசி, ஓசியில கெடச்ச ஆளா என்று தோழர்கள் கேட்கலாம். எங்களுக்கு ஓசியில் கிடைத்தவர்தான். பிளாக் சாபத் என்ற அவர்களுடைய குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வந்தது. ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்கிற இசை அங்கேயிருந்து புறப்பட்டதாகத்தான் அந்த இசைக்காரர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். மின்கிடாரைக் கதறவிட்டு, டிரம்ஸை இடியாக இறக்கி, அதற்குமேல் தொண்டை கிழியக் கத்துகிற இசை. இதெல்லாம் ஒரு பாட்டா, இரைச்சல் என்று காதைப் பொத்துகிறவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

தேவாரத்துக் காலனிக்காரனுக்கும் இதுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? 1980களின் கடைசியில் நாங்கள் நாலைந்து பேர் இந்த இரைச்சலுக்குள்தான் குடியிருந்தோம். எங்கள் ஊரிலிருந்து விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் பெண்கள் ஜீப்பில் அடைந்து மலையேறுவார்கள். போடிமெட்டு வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ போய்ப் பொழுது சாய இறங்குவார்கள். மேலே ஒரு தோட்டத்தில் கணக்கெழுதின மலையாளிப் பையன் ஒருத்தன் எங்கள் சித்தப்பா மகனோடு சிநேகம். அவன் கொடுத்துவிட்ட கேசட்டுகள் ஏலக்காய் வாசனையோடு கீழே இறங்கின. பிளாக் சாபத், அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட், மெட்டாலிகா 1986 இல் போட்ட ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’. ஒரு வார்த்தை புரியாது. புரியாததில் ஒரு குறையும் தெரியவில்லை. மின்கிடாரை நாங்கள் முதலில் கேட்டது பக்கத்துப் பண்ணைப்புரத்து ராசா பாட்டில்தான். அங்கே அது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அடக்கமாக இருக்கும். இங்கே அதுவே வீட்டுக்காரன்.

எங்கள் அய்யா கொட்டுக்காரர். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, சிம்புக்குச்சியும் அடிக்குச்சியுமாக அவர் இறங்கினால் நடக்கிறவன் கால் தானாக மாறும். நான் கேட்ட எந்த வெள்ளைக்கார டிரம்ஸ்காரனும் அவருக்கு மேலில்லை. இதைப் பாசத்தில் சொல்லவில்லை, காதை வைத்துச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கொட்டு எப்படி வரும் தெரியுமா? ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால் ஆள் வரும். வருகிறவன் எங்கள் வயசுப் பொடியனாக இருப்பான். “ஏலே, தாத்தா போயிட்டாரு, வாங்கடா” என்பான். அய்யாவுக்கு அப்போது அம்பது வயசு. காய்ச்சலாகக் கிடந்தாலும் போகவேண்டும். கூலி என்று பேசமுடியாது, கொடுத்ததை வாங்கவேண்டும். போகமாட்டேன் என்றால் என்ன ஆகும் என்பதை 1989 செப்டம்பரில் போடியைச் சுற்றி நடந்த கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

ஆக, எங்கள் வீட்டில் இருந்தது கூப்பிட்டால் வந்தே ஆகவேண்டிய சத்தம். கேசட்டில் வந்தது யாரும் யாரையும் அதட்டிக் கூப்பிடாத சத்தம். இளவட்டத்தில் எங்களைப் பிடித்திழுத்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ராகமா தாளமா என்பதெல்லாம் ரெண்டாம் பட்சம். அந்தக் கிடாரை எந்த ஊர்த்தெருக்காரனும் “நிறுத்துடா” என்று சொல்லமுடியாது. “அடிடா” என்றும் சொல்லமுடியாது. ரசனை என்று நாம் சொல்கிற பெரிய விசயத்துக்குள் இந்த ஏவல் எடுவல் கணக்கு எவ்வளவு கிடக்கிறது என்பதை அழகியல்காரர்கள் யாராவது எழுதினால் தேவலை.

இப்போது பிள்ளைகள் தயவில் போனில் எல்லாம் கிடைக்கிறது. மறுபடியும் வரிசையாகக் கேட்டேன். வார்த்தைகளும் புரிகின்றன. புரிந்ததில் பாதி சப்பென்று போய்விட்டது என்பதையும் சொல்லவேண்டும். எடுத்ததற்கெல்லாம் பேய், மண்டையோடு, சாத்தான். முனியும் கருப்பும் காவல் நிற்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு அந்தப் பேய்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் பாடியவர்களின் கதையைத் தெரிந்துகொண்டு கேட்டபோது சத்தம் வேறு மாதிரி விழுந்தது. பிளாக் சாபத்தின் கிடார்க்காரர் டோனி அயோமி 17 வயசில் தகரப் பட்டறையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளில் எந்திரம் அவருடைய இரண்டு விரல் நுனிகளை வெட்டிவிட்டது, அதுவும் தந்தியை அழுத்துகிற கையில். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனி செய்து, அதன்மேல் பழைய தோலை ஒட்டி மாட்டிக்கொண்டு வாசித்தார். வலி தாங்க மெல்லிய தந்தி போட்டார். பின்னால் தந்தியின் இறுக்கத்தையும் குறைத்தார். தந்தி தளர்ந்தால் சுதி இறங்கும். இந்த இசைக்கே அடையாளமான அந்தக் கனத்த, இருண்ட ஓசைக்குப் பின்னால் பட்டறையில் போன விரலும் இருக்கிறது.

ஓசி மாடறுக்கும் கூடத்தில் வேலை செய்தவர். இதைப் படித்தபோது கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாடறுத்த கை, தோல் ஒட்டிய விரல். அடடா, நம்ம சாதிசனம் என்று தோன்றத்தான் செய்யும். அங்கேயே நிறுத்திக்கொண்டால் அது பொய். ஓசிக்கு மாடறுப்பது ஒரு வேலை. பிடிக்காதபோது விட்டுவிட்டுப் போனார். போன இடத்தில் யாரும் அவரை மாடறுத்தவன் மகன் என்றோ, அவர் பேரனை மாடறுத்தவன் பேரன் என்றோ சொல்லவில்லை. ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் உடம்பு முழுக்கக் கருப்புத் தோல் மாட்டி மேடைக்கு வந்தார். உலகத்துப் பையன்களெல்லாம் அதைப் பார்த்துத் தோலுடுப்பு போட்டுக்கொண்டார்கள், கெத்து என்றார்கள். (அவர் தான் ஒரு தற்பாலினர் என்று 1998 இல் பகிரங்கமாகச் சொன்னபோது அந்தப் பையன்களில் எத்தனைபேர் முழித்தார்களோ.) நமக்குத் தோல் கெத்து இல்லை, தீட்டு. ஓசியின் சவ ஊர்தி சூலை 30 இல் பர்மிங்காம் தெருவில் போனபோது முன்னால் ஒரு பித்தளை வாத்தியக்குழு வாசித்துக்கொண்டு போனது. சாவுக்கு வாசித்தார்கள் என்பதற்காக அந்த ஊர் டீக்கடையில் அவர்களுக்குத் தனிக் கிளாஸ் வைக்கமாட்டார்கள்.

வர்க்கத்தில் ஒட்டுகிறது, பிறப்பில் ஒட்டவில்லை. இவ்வளவுதானா என்றால், இன்னொரு முடிச்சு இருக்கிறது. என்னைப் பிடித்து ஆட்டுகிறது அதுதான்.

நாங்கள் கொஞ்சம் பின்னால் கேட்ட குழு பான்டெரா. அமெரிக்காக்காரர்கள். அதன் பாடகர் பில் அன்செல்மோ 2016 சனவரியில் ஒரு மேடையில் நாஜி வணக்கம் வைத்து, வெள்ளையினம் வாழ்க என்கிற அர்த்தத்தில் கத்தினார். முதலில் அது விளையாட்டு என்று சொல்லிப்பார்த்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். கன்ஸ் அன் ரோசஸ் 1988 இல் பதிந்த ஒரு பாட்டில் கருப்பர்கள், வந்தேறிகள், தற்பாலினர் எல்லாருக்கும் வசவு இருந்தது. 2018 இல் பழைய பாட்டுகளைத் தொகுத்துப் பெரிதாக வெளியிட்டபோது அந்த ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் இந்த இசையின் அடிவேர் புளூஸ். பருத்திக்காட்டில் அடிமைப்பட்டுக் கிடந்த கருப்பு மக்களின் வாரிசுகள் பாடியது. பர்மிங்காம் பையன்கள் இசைத்தட்டில் கேட்டுப் பழகியதும் அதைத்தான்.

என்ன செய்வது? தூக்கிப் போடுவதா, கேட்பதா? படித்தவர்கள் கையில் இதற்கு ஒரு தயார் பதில் இருக்கிறது: கலை வேறு, கலைஞன் வேறு. இந்த வாக்கியத்தை எனக்கு முதலில் சொன்னவன் ஊர்த்தெருவில் இருக்கிற என் பள்ளிக்கூடச் சிநேகிதன். சொன்னது பான்டெராவைப் பற்றி இல்லை, ‘தேவர் மகன்’ பாட்டைப் பற்றி.

1992 தீபாவளிக்கு வந்த படம். படத்தில் ஒரு சாதிப் புகழ்ப்பாட்டு இருக்கிறது, எது என்று சொல்லவேண்டியதில்லை. எழுதியது வாலி, இசை இளையராஜா. படம் அரிவாளுக்கு எதிரானது, கடைசியில் போய்ப் படியுங்கள் என்றுதானே சொல்கிறது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் மைக்செட்காரன் படத்தின் கடைசிக் காட்சியையா குழாயில் போடுகிறான்? அந்தப் பாட்டைத்தான் போடுகிறான். கல்யாணம், காதுகுத்து, அக்டோபர் கடைசியில் குருபூசை. ஊர்வலம் எங்கள் தெரு முக்குக்கு வரும்போது வால்யூம் ஏறும். அம்மா கதவைச் சாத்துவாள். பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போடுவாள். இதில் கொடுமை, மெட்டு நல்ல மெட்டு. மோசமான மெட்டாக இருந்தால் ஆறு மாதத்தில் செத்திருக்கும். முப்பது வருசத்துக்கு மேலாக உயிரோடிருக்கக் காரணம் அந்த இசைதான். அதைப் போட்டவர் தேவாரத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிற பண்ணைப்புரத்து மண்ணில் பிறந்தவர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக இதே மலையில் தோட்டத் தொழிலாளர் நடுவில் பாடியவர். ஒரே வீட்டு இசை எங்கெங்கே போய் நிற்கிறது, பாருங்கள்.

சிநேகிதன் சொல்வான்: “நீ ஏன்ப்பா அதையெல்லாம் யோசிக்கிற? மியூசிக்கா மட்டும் கேளு.” அவன் கெட்டவன் இல்லை. அவனால் மியூசிக்காக மட்டும் கேட்கமுடிகிறது, காரணம் அந்தப் பாட்டு அவன் மேல் விழவில்லை. கரையில் நிற்கிறவனுக்கு வெள்ளம் பார்க்க அழகுதான். கலையைக் கலைஞனிலிருந்து, பாட்டை அதன் வேலையிலிருந்து பிரிக்கிற இந்தத் திறமை அறிவினால் வருவது என்று சொல்லித்தருகிறார்கள். எனக்கென்னவோ அது நிற்கிற இடத்தினால் வருவது என்று படுகிறது.

அப்படியானால் பான்டெராவைக் கேட்கிறபோது நான் எங்கே நிற்கிறேன்? கரையில். அந்தக் கை உயர்ந்தது ஒரு கருப்பனுக்கோ யூதனுக்கோ எதிராக. தேவாரத்தில் என் வீட்டுக் கதவை யாரும் சாத்தவில்லை. அது மேடைக் கிறுக்கு, கிடாரைப் பாரு கிடாரை என்று எனக்குச் சொல்லத் தோன்றினால், அந்த இடத்தில் என் வாயில் பேசுவது ஊர்த்தெருச் சிநேகிதன். அடிபட்டவன் என்பது எல்லா இடத்துக்கும் செல்லுபடியாகிற சீட்டு இல்லை. ஒரு தெருவில் அடிபடுகிறவன் இன்னொரு தெருவில் வேடிக்கை பார்க்கிறவன். காய் எடுக்கப் போகிற நம் வீட்டுப் பெண்கள் நம் பாட்டுகளில் நம்மைப் பற்றி என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தால் இது இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

அன்செல்மோ அப்படிக் கத்தின அன்றைக்கு அதே நிகழ்ச்சியில் வாசித்த இன்னொருவர் ராப் ஃபிளின், மெஷின் ஹெட் குழுவின் பாடகர். வெள்ளைக்காரர், அவருக்கும் அந்தக் கத்தலால் ஒரு கீறலும் இல்லை. அவர் வெளியே வந்து, இந்த இசைக்குள் இனவெறி இருக்கிறது, நாமெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறோம் என்று வெளிப்படையாகப் பேசினார். நம்மிடத்தில் பெரும்பாலும் அடிபட்டவனே எழுந்துவந்து, அடித்தவன் மனசு நோகாமல் வலியைச் சொல்லவேண்டியிருக்கிறது. 2023 சூனில் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை முன்னால் வைத்துக்கொண்டு, ‘தேவர் மகன்’ தனக்குள் கிளப்பின வேதனையை மாரி செல்வராஜ் சொன்னார். அதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை.

பான்டெராவைத் தூக்கிப் போட்டேனா என்று கேட்டால், இல்லை. போனில் இருக்கிறது. கேட்கிறபோது அந்த உயர்ந்த கையும் கூடவே வருகிறது. அதைத் தள்ளிவிட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்கிற சுகம் குறைந்திருக்கிறது. குறையட்டும்.

நம் பக்கத்துக் கணக்கு வேறாகப் போய்க்கொண்டிருக்கிறது. பறையைக் கீழே போடு என்பதா, தூக்கிப் பிடி என்பதா என்று 1990களில் எவ்வளவு சண்டை போட்டோம்! இழிவின் அடையாளத்தை எதற்குக் கலை என்று கொண்டாடவேண்டும் என்றவர்கள் சொன்னதில் இன்னும் நியாயம் இருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டியதும், மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டார் மெட்டைக் கோவிலுக்குள் கொண்டுபோனதும் அதற்கு வேறொரு பதில். 2018 சனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் மேடையேறியபோது மின்கிடாரும் கானாவும் பறையும் ஒன்றாக நின்றன. 2025 இல் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது வரட்டும், ஆனால் “வாங்கடா” போனதா என்பதுதான் என் கேள்வி. பறையில் இப்போது பைபர் வந்துவிட்டது, டிரம்ஸில் பிளாஸ்டிக் வந்து ரொம்ப காலமாச்சு. தோல் போய்விட்டது. தீட்டு மட்டும் பைபர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் தெருப் பையன்கள் ஒரு செட் வைத்திருக்கிறார்கள். முன்பணம் வாங்காமல் எங்கேயும் போவதில்லை, சாவு வீட்டுக்கானாலும். போன் போட்டுத்தான் கூப்பிடவேண்டும், “தம்பி” என்று கூப்பிடவேண்டும். போன வருசம் ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு. பழைய வழக்கப்படி ஆள் வந்து நின்று அதட்டினான். பையன்கள் போகவில்லை. கம்பத்திலிருந்து பேண்ட் செட் வந்தது. கொஞ்சநாள் முறைப்பும் பேச்சும் இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அய்யா இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருக்கமாட்டார்.

சிநேகிதனிடம் நான் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். குருபூசை ஊர்வலம் வருகிற அன்றைக்கு நம்ம தெருவுக்கு வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பாட்டை ஒருதரம் கேளு, அதுக்குப் பிறகு மியூசிக்கைப் பத்திப் பேசுவோம் என்று. வாரேன்னு சொல்லியிருக்கான். சொல்லி நாலு வருசம் ஆகுது.