சேமிப்பும் சாவியும்

“இந்தச் சனத்துக்குக் கையில் காசு தங்காது.” தோட்டத்து மக்களைப் பற்றி எங்கள் குருவிட்டப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. கடை முதலாளி சொல்வார். ஆசிரியர் அறையில் சொல்வார்கள். அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் இருப்பவர்களும், நமது சமூகத்து மூட்டை சுமப்பவர்களையும் மாணிக்கக் குழியில் இறங்குபவர்களையும் பற்றி இதையே சொல்வார்கள். ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான்? சேமிக்கத் தெரியாததால். இந்த விடையில் சொல்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. தன்னிடம் இருப்பதெல்லாம் தன் சிக்கனத்தால் வந்தது என்று அவர் நம்பிக்கொள்ளலாம்.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியன். மழை பெய்தாலும் வெயிலடித்தாலும் மாதச் சம்பளம் வருகிறது. அது கைக்கு வருமுன்பே விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கான பங்கு கழிகிறது. எனக்கும் ஓய்வூதியம் இருக்கிறது. சம்பளத் துண்டைக் காட்டினால் சீமெந்தும் கூரைத் தகடும் தவணைக்குக் கிடைக்கின்றன. ஊரில் என்னைச் சிக்கனமான மாஸ்டர் என்பார்கள். என் சிக்கனத்தில் பெரும்பங்கு, நான் பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் எழுதிவைத்த சட்டங்களின் வேலை. என்னிடம் படிக்கும் பிள்ளையின் தாய் கொழுந்து பறிப்பவர். கொழுந்து குறைந்தால் அவருக்கு அரைப் பேர்தான். மழையில் மலை மூடினால் அதுவும் இல்லை. இருவரையும் ஒரே தராசில் வைத்து, இவர் சேமித்தார், அவர் சேமிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்வது நீதியாகுமா?

உண்மையில் அந்தத் தாயும் சேமிக்கிறார். லயத்தில் பத்துப் பெண்கள் கூடிச் சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு விழுந்ததும் காதுக்கு ஒரு தோடு வாங்குகிறார்கள். ஜனவரியில் பாடசாலை திறக்கும்போது அந்தத் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. மீட்கும் வரை வட்டி ஏறுகிறது. மனசு இருக்கிறது, முயற்சி இருக்கிறது. சேமித்ததை நிறுத்திவைக்க ஓர் இடம்தான் இல்லை.

அந்த இடத்தை அமைத்துக் கொடுப்பது யார் கடமை என்பதே நம் கேள்வி. நமது நாடு இதைப் பற்றி யோசிக்காமல் இருக்கவில்லை. 1832இல் இலங்கைச் சேமிப்பு வங்கியும், 1885இல் தபாலகச் சேமிப்பு வங்கியும் தொடங்கின. இவை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சேமிப்பு வங்கியாக ஒன்றிணைந்தன. ஆனால் கூலித் தொழிலாளிக்கு வந்த பெரிய ஏற்பாடு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டமே. இன்று தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில் கொடுப்பவரிடமிருந்து 12 வீதமும் அந்த நிதிக்குச் சேர்கின்றன. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் கொடுப்பவர் மேலும் 3 வீதம் கட்டுகிறார். தோட்டத்தில் ஆயுள் முழுக்க உழைத்த ஒரு பெண், ஒரே முறையில் ஒரு பெருந்தொகையைக் கையில் வாங்குவது இந்த ஏற்பாட்டினால்தான். இது நல்ல சட்டம். இதைக் குறைசொல்லும் முன் இதற்கு நன்றி சொல்லவேண்டும்.

ஆயினும் நல்ல சட்டத்தையும் ஓட்டையாக்க முடியும். 2016இல் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 730 ரூபா என்று பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாதான். மிச்சம் 230 ரூபாவும் வரவுக்கென்றும் உற்பத்திக்கென்றும் விலைப் பங்கென்றும் பெயர் சூட்டப்பட்ட கொடுப்பனவுகள். சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்பட்டது. 230 ரூபாவின் 20 வீதம் 46 ரூபா. முழுப் பேர் விழுந்த ஒவ்வொரு நாளும் தொழிலாளியின் முதுமைக் கணக்கில் சேராமல் போன தொகை அது. யாரும் திருடவில்லை. சம்பளத்தின் ஒரு பகுதிக்கு வேறு பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த விடயம், அந்தக் காசு வரும் காலம். பெண்ணுக்கு 50 வயதில், ஆணுக்கு 55 வயதில் அது கைக்கு வருகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தால் இன்னும் தாமதம். கைக்கு வந்தபின் என்ன ஆகிறது? கடன் அடைபடுகிறது, மகளின் கலியாணம் நடக்கிறது, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வருகிறது. இரண்டு வருடத்தில் ஒன்றுமில்லை. “பார்த்தீர்களா, காசு தங்காது என்றோமே” என்று திண்ணையில் சொல்கிறார்கள். காசு எதில் தங்கும் என்று அவர்கள் கேட்பதில்லை. நம்மில் ஒருவர் கையில் ஐந்து இலட்சம் கிடைத்தால் வீட்டுக்கு ஓர் அறை கூட்டுவோம், கிணறு வெட்டுவோம், பத்துப் பேர்ச்சஸ் காணிக்கு முற்பணம் கொடுப்போம். லயத்துக் காம்பராவில் அறை கூட்டுவதற்கே தோட்டத்துக் கந்தோரில் அனுமதி கேட்கவேண்டும். கூட்டினாலும் அது அவர்களுடையதாகாது.

சென்ற ஆண்டு தரம் ஒன்பது மாணவர்களுக்கு, ஓர் இலட்சம் ரூபா கிடைத்தால் என்ன செய்வாய் என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு பையன் அம்மாவுக்குக் காணி வாங்குவேன் என்று தொடங்கிவிட்டு, “ஆனால் எங்கள் தோட்டத்தில் காணி விற்பவர்கள் இல்லை” என்று முடித்திருந்தான். அதற்கு எத்தனை புள்ளி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பிரதேசத்தில் ஒரே மலையில் இரு விதமான வாழ்க்கையைப் பார்க்கலாம். பாதைக்கு இந்தப் பக்கம் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர். அந்தப் பக்கம் பெரிய தோட்டத்து லயம். இரு பக்கத்திலும் அதே கொழுந்து, அதே அட்டைக் கடி. சிறுதோட்டக்காரருக்கு அரசாங்கம் கைகொடுத்தது. 1953இலேயே றப்பர் மீள்நடுகைக்கு மானியச் சட்டம் வந்தது. தேயிலைச் சிறுதோட்டங்களுக்கென 1975இல் ஓர் அதிகார சபைக்குச் சட்டம் இயற்றப்பட்டு, நடுகைக்கு மானியமும் ஆலோசனையும் கிடைத்தன. இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு அவர்களிடமிருந்தே வருகிறது. மகன் படித்து வெளியேறினாலும் காணி நிற்கிறது. இதைப் பொறாமையோடு சொல்லவில்லை. ஏழைக் குடும்பத்துக்குச் சொத்தை உண்டாக்கும் கொள்கை இந்த நாட்டில் பலித்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஆனால் அந்த மானியம் வாங்க முதலில் ஒரு காணித் துண்டு இருக்கவேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்குப் போனது. அந்த மண்ணில் பரம்பரையாக வேர்வை சிந்தியவர்களுக்கு எந்தக் கைமாற்றத்திலும் உறுதி எழுதப்படவில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனி வீடு என்ற கொள்கை 2015க்குப் பின்னரே வேகம் பெற்றது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். சப்ரகமுவவில் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. மக்களின் குரலும் அவ்வாறே சிதறித்தான் கேட்கிறது.

மைக்கல் ஷெராடன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991இல் வெளியிட்ட நூலில் ஏழைகளையும் சொத்தையும் பற்றி ஆராய்ந்தார். அரசாங்க உதவிகள் ஏழையின் இன்றைய செலவை மட்டுமே பார்க்கின்றன, அவன் நாளைய சொத்தைப் பார்ப்பதில்லை என்பது அவர் வாதம். சொத்துச் சேர்ந்தால் உதவி நின்றுவிடும் என்றால் ஏழை சொத்துச் சேர்க்கவே அஞ்சுவான். நம் நாட்டில் 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்திலும் ஆளைத் தெரிவுசெய்யும் அளவுகோல்களில் சொத்தும் வீட்டு நிலையும் அடங்குகின்றன. தேவையுள்ளவரைக் கண்டுபிடிக்க அது வேண்டியதாக இருக்கலாம். ஆனால் சுவரைப் பூசினால் பெயர் வெட்டுப்படுமோ என்று ஒரு தாய் பயப்படும்போது, நாம் அவருக்குக் கற்றுக்கொடுப்பது சேமிப்பையா, சேமிக்காமல் இருப்பதையா?

இனி சாவியைப் பற்றிச் சொல்லவேண்டும். 1995இல் தொடங்கிய சமுர்த்தியில் உதவித் தொகையிலிருந்தே கட்டாயச் சேமிப்புக் கழிக்கப்பட்டது. பணம் ஏழையின் பெயரில் இருந்தது. நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. 2022இன் நெருக்கடியிலோ இது எல்லாத் தொழிலாளருக்கும் நேர்ந்தது. அந்தச் செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. சேமலாப நிதி அந்த ஆண்டுக்குக் கொடுத்த வட்டி 9 வீதம். மறு ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, நிதியின் பழைய முறிகளை மாற்றிக் கொள்ளாவிட்டால் அதன் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்று விதிக்கப்பட்டது. நாடு மீளவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொழுந்து பறிப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கட்டாயமாகச் சேமிக்கவைப்பவன், காப்பதற்கும் கட்டாயமாகப் பொறுப்பேற்கவேண்டும். இல்லாவிட்டால் அது அமானிதம் ஆகாது.

யூஸுப் நபியின் சரிதையை நாம் எல்லோரும் அறிவோம். செழிப்பான ஏழு வருடங்களில் தானியத்தைக் கதிரோடு சேமித்து, பஞ்சமான ஏழு வருடங்களைக் கடக்கும் வழியை அவர் சொன்னார். அங்கே வீடு வீடாகப் போய்ச் சிக்கன உபதேசம் நடக்கவில்லை. அரசு ஓர் ஏற்பாடு செய்தது. களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது அவர் தம்மைப் பற்றிச் சொன்ன தகுதிகள் இரண்டு: பாதுகாப்பவர், அறிந்தவர். பொதுச் சேமிப்பின் சாவியை வைத்திருப்பவருக்கு இன்றும் இவ்விரண்டும் போதும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

நம் வாசகர்களுக்கு இன்னொரு நாட்டையும் நினைவூட்ட விரும்புகிறேன். மலாயாக் கிராமத்து விவசாயி ஹஜ்ஜுக்காக வட்டிக்கு அஞ்சி வங்கிக்குப் போகாமல் வீட்டில் பணம் சேர்ப்பார், அல்லது காணியையும் மாட்டையும் விற்றுப் போய்த் திரும்பி வறுமையில் விழுவார். பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் 1959இல் இதற்கு ஒரு வழி சொன்னார். 1963இல் வட்டியில்லாத ஹஜ் சேமிப்பு நிதி அங்கே திறக்கப்பட்டது. பின்னாளில் தாபோங் ஹாஜி என்று பெயர் பெற்றது அதுவே. ஏழையின் மனச்சாட்சியையும் அவனுடைய சொந்த ஆசையையும் மதித்ததால் அவன் தானாகவே வந்து சேமித்தான். அங்கும் சாவி தடுமாறியது. 2018இல் அதன் பொறுப்புகள் சொத்துக்களை மிஞ்சியதால் அரசு தாங்கவேண்டி வந்தது. ஆயினும் அந்தத் தொடக்கத்தில் பாடம் இருக்கிறது. நம் நாட்டில் 2011இல்தான் முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கும் வங்கி தொடங்கியது. அதுவரை வட்டியை அஞ்சிய நமது ஏழைகளுக்குத் தங்கத் தோட்டையும் சீட்டையும் தவிர நாம் என்ன வழி காட்டினோம்?

ஸஃது இப்னு அபீ வக்காஸ் அவர்கள் நோயுற்று, தம் செல்வத்தில் பெரும்பகுதியைத் தானமாகக் கொடுக்க நினைத்தபோது, மூன்றில் ஒன்றே அதிகம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தாமல் இருப்பதும் ஒரு நன்மை என்பதே அதன் கருத்து. அந்த நன்மை வசதியுள்ளவரின் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதா? றமழானில் நாம் பகிரும் ஸகாத் பெரும்பாலும் அரிசியாகவும் சில்லறையாகவும் கரைகிறது. ஒரு ஜமாஅத் வருடத்துக்கு இரண்டு குடும்பங்களையாவது தெரிந்து, ஒரு தையல் இயந்திரமோ காணிக்கு முற்பணமோ அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுத்தால், சில வருடங்களில் அவர்களில் ஒருவர் ஸகாத் கொடுப்பவராகலாம்.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியவையும் சிக்கலானவை அல்ல. கொடுப்பனவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் சேமலாபம் முழுச் சம்பளத்தின் மேல் கணக்காகட்டும். நிதியை ஆளும் சபையில் கட்டணம் கட்டும் தொழிலாளியின் குரலும் இருக்கட்டும். லயத்துக் குடும்பத்தின் காணி உறுதியில் கணவன் மனைவி இருவர் பெயரும் வரட்டும். இவற்றைச் செய்தபின்னும் காசு தங்கவில்லை என்றால், அப்போது சிக்கனத்தைப் பற்றி அந்த மக்களிடம் பேசலாம். அதுவரை அந்த உபதேசத்தைக் கேட்கவேண்டியவர்கள் சாவியை வைத்திருப்பவர்களே.